பதினைந்து ஐம்பது

சிங்கப்பூர்
14.7.1957

அன்புள்ள மதி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பிரித்தால் ஒரே கேள்வியாக இருக்கிறது, அதுவும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. அண்ணன் எப்படி இருக்கிறான், அண்ணிக்கு இடுப்பு வலி குறைந்ததா என்று ஒரு வரி உண்டா? போகட்டும் டீச்சரம்மா. கூடப்பிறந்த ஒரே தங்கை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆகஸ்ட் முப்பதாம் தேதி ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் மலாயாவுக்குச் சுதந்திரம். அந்த நேரம் மெட்ராஸில் ராத்திரி பத்து மணி. கிரீன்விச் கணக்குப்படி மாலை நாலரை. ஆனால் லண்டன்காரன் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வான், ஆகவே அவனுக்கு ஐந்தரை. இங்கே சிங்கப்பூரிலும் உங்கள் மணிதான், சுதந்திரம் மட்டும் ஜொகூர் பாலத்தோடு நின்றுவிடும்.

இதில் தப்பு வராமல் தந்தி நிலையத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அது சுலபம். எங்கள் அறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கிரீன்விச், மற்றது உள்ளூர். உலகத்தில் எந்த மூலையிலிருந்து தந்தி வந்தாலும் பதிவேட்டில் கிரீன்விச் மணியைத்தான் எழுதுவோம். தந்தியை வாங்குகிறவர் கையில் கொடுக்கும் தாளில் மட்டும் அவருடைய ஊர் மணியைப் போடுவோம். பதிவேட்டில் இருப்பது ஒரு நாளும் மாறாது. தாளில் காட்டுவதுதான் ஊருக்கு ஊர் மாறும். புதிதாக வந்த ராஜரத்தினம் என்கிற பையன் போன மாதம், ஏற்கெனவே மாற்றி எழுதியிருந்த மணியோடு இன்னொரு ஏழரையைக் கூட்டிவிட்டான். நாளைத் தேதி போட்ட கல்யாண வாழ்த்தை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்த பெருமை எங்கள் நிலையத்துக்கு.

இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல். மணி மட்டும் இருந்து, எந்த ஊர் மணி என்ற குறிப்பு இல்லாத தந்தி வந்தால் நாங்கள் ஊகிக்கமாட்டோம். அனுப்பியவனைத் திருப்பிக் கேட்போம். அது இங்கே சட்டம்.

இதையெல்லாம் எழுதும்போது அப்பா நினைவு வருகிறது. ஜப்பான்காரன் வந்த மறுநாளே ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ மணி ஆக்கினானே, நம் அப்பா மட்டும் சுவர்க் கடிகாரத்தைத் தொட விட்டாரா? “சூரியன் டோக்கியோவைக் கேட்டுக்கிட்டா உதிக்குது? வாசப்படி தாண்டி உள்ள வந்துட்டா வீட்டு மணிதான் பேசணும்” என்று சட்டம் போட்டார். மூன்றரை வருஷம் நாம் ஆளுக்கு இரண்டு மணியோடு வாழ்ந்தோம்.

முப்பதாம் தேதி வாழ்த்துத் தந்திகள் குவியும் என்பதால் அந்த மாதம் முழுக்க எவருக்கும் லீவு இல்லையாம். நீயாவது பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய் வாண வேடிக்கை பார்.

உன் அண்ணன்,
தியாகு


காஜா பேராங், மலாக்கா
21.7.1957

அண்ணாவுக்கு,

அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

நீ எழுதியதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கரும்பலகையில் நான்கு ஊர்ப் பெயர்களையும் எதிரே மணிகளையும் எழுதிப் போட்டேன். இடைவேளையில் யாரோ முதுகை உரசி ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டார்கள். எண்கள் மட்டும் நின்றன. உடனே ஒருத்தி எழுந்து, “டீச்சர், ஊர் பேரு அழிஞ்சிருச்சு. இப்ப இது எந்த ஊரு மணின்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். தெரியாது, எழுதியவரைத்தான் கேட்கவேண்டும் என்றேன். உன் சட்டத்தைத்தான் சொன்னேன்.

கேட்டவள் பெயர் தனலட்சுமி. ஜெயபாலன் மகள். எனக்குப் பரிசம் போட்டிருந்த அதே ஜெயபாலன், அம்மா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அன்று, பண்டார் ஹிலிரில் நீ அப்போது இருந்த தந்தி ஆபீசுக்கு என் சீட்டைக் கொண்டுவந்தவர். மகளை அழைத்துப்போகத் தினமும் சைக்கிளோடு வருவார். பள்ளி வாசலுக்கு வெளியே மாமரத்தடியில் நிற்பார், உள்ளே ஒரு அடி வைத்ததில்லை. நானும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன். பதிமூன்று வருஷமாக அதை அம்மாவின் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் என் எழுத்து: “அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. உன்னைத்தான் கேட்கிறாள். உடனே வா.” பின்பக்கம் பென்சிலால் உன் எழுத்து: “15.50. தி.” ஆபீஸில் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மணி போட்டுச் சுருக்கொப்பம் வைக்கும் உன் பழக்கம்.

இத்தனை நாளும் இதை மூணு ஐம்பது என்றே படித்து வந்தேன். அது எந்தக் கடிகாரத்து மணி அண்ணா? ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

சந்திரமதி


சிங்கப்பூர்
26.7.1957

அன்புள்ள மதி,

அண்ணிக்கு வலி தேவலை. இங்கே மழை இல்லை, புழுக்கம் தாங்கவில்லை. உனக்கு இரண்டு ரவிக்கைத் துணியும், பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்காவுக்கு ஒரு தைல புட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா என்று எழுது. சிராங்கூன் சாலையில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். நீ வரும்போது அழைத்துப்போகிறேன். பெரியவன் கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறான், அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். யுத்த காலத்துச் சமாச்சாரம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆபீஸ் கடிகாரம் ஒரு பக்கம் ஓடும், நம் வீட்டுக் கடிகாரம் அப்பா சாவி கொடுத்தால் ஓடும், மறந்தால் பிந்தும். அன்றைக்கு வீட்டில் இருந்த குழப்பத்தில் யார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்? எந்த மணியானால் என்ன, போன அம்மா வரப்போகிறாளா?

டிரங்குப் பெட்டியை ஏன் கிளறுகிறாய்? அந்தப் பழைய தாளையெல்லாம் கறையான் அரிப்பதற்குள் எரித்துவிடு. மனசுக்கு நல்லது.

தியாகு


காஜா பேராங்
30.7.1957

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. துணி நன்றாக இருக்கிறது. ஒரு வரி கேட்டேன், நீ ரவிக்கைத் துணி அனுப்பியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? பயம் வந்தால் நீ வாங்கித் தருவாய். சின்ன வயதில் என் சிலேட்டை உடைத்துவிட்டு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தவன் நீ.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

வீட்டு மணி இரண்டுக்குச் சீட்டு போனது. நானே ஜெயபாலன் கையில் கொடுத்தேன். “மொதல்ல அண்ணன்கிட்ட சீட்டு, அப்புறம் புக்கிட் காதிலுக்குப் போயி வைத்தியம் பாக்குற டிரெஸ்ஸரைக் கூட்டிட்டு வாங்க” என்றேன். மூன்றரைக்கு அம்மா போய்விட்டாள். கடைசி ஒரு மணி நேரம் அவள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தியாகு வந்துட்டானா?” வந்துகொண்டே இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி என் வாய் உலர்ந்துபோனது. நாலு பத்துக்கு நீ வந்தாய். ஐந்துக்கு ஜெயபாலன் டிரெஸ்ஸரோடு வந்தார். டிரெஸ்ஸர் வீட்டில் இல்லை, அவர் வரும்வரை காத்திருந்தேன் என்றார். நான் நம்பவில்லை.

வீட்டுக் கடிகாரம் பிந்தியிருக்கும் என்கிறாய். நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெங்கேரா பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸார் பாங்கு சொன்னார்கள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த கமலவேணி அக்காவை நேற்றுக் கேட்டேன். பல தலைமுறையாக இங்கேயே ஊறிய மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பேச்செல்லாம் மலாய்தான், ஆனால் ஞாபகம் கல்லில் எழுதியதுபோல் இருக்கிறது. “நீ ஓவென்று கத்தினாய், அதே நேரம் பாங்கு” என்று மலாயில் சொன்னார். பாங்கு சூரியனைப் பார்த்துச் சொல்வது. அதற்கு டோக்கியோவும் கிடையாது, அப்பாவும் கிடையாது. மாசியில் அது நாலேகாலை ஒட்டி வரும், ஆகவே நீ வந்ததும் அப்போதுதான். வீட்டுக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். பதினைந்து ஐம்பது. நம் வீட்டில் யாராவது பதினைந்து மணி என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அப்பாவின் கடிகாரத்தில் பன்னிரண்டு வரைக்கும்தான் எண் இருக்கிறது. பதினைந்து என்பது உன் ஆபீஸ் மணி. ஆபீஸ் மணி என்றால் டோக்கியோ. ஒன்றரையைக் கழித்தால் இரண்டு இருபது.

இரண்டு மணிக்குப் புறப்பட்டவர் இரண்டு இருபதுக்கு உன் கையில் சேர்த்திருக்கிறார். காஜா பேராங்கிலிருந்து பண்டார் ஹிலிருக்கு சைக்கிளில் அவ்வளவுதான் ஆகும். அங்கிருந்து நீ வரவும் அவ்வளவுதான் ஆகும். நீ வந்ததோ நாலு பத்துக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறது. அது யாரிடம் இருந்தது?

பதிமூன்று வருஷமாக அதை ஜெயபாலன் தலையில் வைத்திருந்தேன். எழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், “ஒரு சீட்டைக் குடுக்க ரெண்டு மணி நேரமா? எங்க சுத்தப் போனீங்க?” என்று கேட்டேன். “நா எங்கயும் நிக்கல மதி” என்றார். கையில் கடிகாரம் கட்டாத மனுஷன், அதற்குமேல் என்ன சொல்வார்? நீ பக்கத்தில்தான் நின்றாய். பரிசப் புடவையை மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினேன். கோகிலாவைக் கட்டிக்கொண்டு அவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆனால் இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் நல்லது கெட்டதுக்குச் சேதி சொல்ல அவரை எவரும் அனுப்புவதில்லை. நான் வைத்த பெயர் அது.

எனக்கு அப்புறம் வந்த வரன்களை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று அப்பா சாகும்வரை கேட்டார். ஜெயபாலன் மேல் வந்த கோபம் ஆறினால்தானே இன்னொருவரைப் பார்க்க முடியும்? ஆறவில்லை. அவ்வளவு ஆசை வைத்திருந்தேன். அதை இப்போது உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வாசப்படி தாண்டினால் வீட்டு மணி என்பது அப்பா போட்ட சட்டம். அன்று வாசப்படி தாண்டி உள்ளே வந்து நீ எந்த மணி சொன்னாய்?

சந்திரமதி


சிங்கப்பூர்
9.8.1957

மதி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

இரண்டு இருபதுக்குத்தான் கிடைத்தது. உன் கணக்கு சரி. ஜெயபாலன் கவுண்டர் கம்பி வழியாக நீட்டினான். சட்டை முழுக்க வேர்வை. “ஒடனே போங்க தியாகு, நா டிரெஸ்ஸரைப் பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். நான் தாளைத் திருப்பி மணி போட்டேன். கை அதுவாகவே போட்டது. பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தே இருந்தேன். அதுதான் நடந்தது.

அதற்கு முந்தின வாரம் மாணிக்கவாசகம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு கேட்டான். மேலதிகாரியான ஜப்பான்காரன் விட்ட அறையில் அவனுக்கு ஒரு காது போய்விட்டது. போதாதென்று நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் முட்டி போட வைத்தான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அடித்திருந்தால் என்ன, ஒரு காதுதானே. மூன்று முறை எழுந்தேன். ஒரு முறை அந்த ஜப்பான்காரன் மேசை வரைக்கும் போனேன். நிமிர்ந்து பார்த்தான். மைக்கூடு காலியாகிவிட்டது என்றேன். மையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நேராக எதிரே கடிகாரம். அம்மா பிழைத்துக்கொள்வாள், இதற்கு முன்னாலும் இழுத்து இழுத்துப் பிழைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். பதினேழு பதினைந்துக்கு மணி அடித்தது. வெளியே வந்ததும் சைக்கிளை மிதித்த வேகம் இருக்கிறதே, யாராவது பார்த்திருந்தால் எவ்வளவு பாசமுள்ள பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து வரவில்லை. அதை நீ நம்பவேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. நீ என் சட்டையைப் பிடித்து, “எத்தனை மணிக்குக் கெடச்சது சீட்டு?” என்று கேட்டாய். “பதினஞ்சு அம்பது” என்றேன். ஆபீஸ் வாய் அப்படியே சொல்லிவிட்டது. நீ சுவரைப் பார்த்தாய். நாலு பத்து. இருபது நிமிஷத்தில் ஓடி வந்திருக்கிறான் அண்ணன் என்று உன் முகம் இளகியது. டோக்கியோ மணி என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் வாய் திறந்தேன், நீ என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாய்.

ஐந்து மணிக்கு ஜெயபாலன் வந்தபோது உன் கோபமெல்லாம் அவன் பக்கம் போனது. எனக்கு அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் சாப்பாடு இறங்காது. நீ கேட்கிறாய், அவன் பதில் தெரியாமல் என்னைப் பார்க்கிறான். அவனுக்காக நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தான். சீட்டைப் பையிலிருந்து எடுத்து, இதோ மணி போட்டிருக்கிறேன் என்று உன்னிடம் நீட்டினேன் மதி. அவனுக்கு எதிராகச் சாட்சி காட்டினேன்.

நாற்பத்தாறில் சிங்கப்பூர் வேலை கிடைத்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பாசாரில் அவனை நேருக்கு நேர் பார்க்க முடியாமல்தான் ஓடிவந்தேன். இங்கே தினமும் நூறு தந்திக்கு மணி மாற்றுகிறேன். ஒன்று தப்பினாலும் ராஜரத்தினத்தைத் திட்டுகிறேன்.

என்ன செய்யவேண்டும் என்று நீ சொல். எதுவானாலும் செய்கிறேன். மன்னிப்பாயா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

தியாகு


காஜா பேராங்
13.8.1957

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நீ சொல்லவேண்டியது என்னிடம் இல்லை. நேரில் வந்து ஜெயபாலனிடம் சொல். கடிதம் எழுதாதே, யாரிடமும் சொல்லி அனுப்பாதே. நான் உன்னோடு கூட வரமாட்டேன். நான் பக்கத்தில் நின்றால் அவர் உன்னைத் திட்டக் கூச்சப்படுவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்னால் வா.

சந்திரமதி


சிங்கப்பூர்
18.8.1957

அன்புள்ள மதி,

இந்த மாதம் ஒருவருக்கும் லீவு கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதை முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதியிருந்தேன். உன் கடிதம் வந்ததும் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு என்ன தெரியுமா? லீவு இல்லை, ஆகவே போகவேண்டியதில்லை. அப்பாடா. உண்மையைச் சொல்வதென்று ஆனபின் இதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் சட்டைப் பையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கடிகாரம், இந்த முறை இரண்டு. நேற்று எழுந்து மேலதிகாரி டான் மேசைக்குப் போனேன். அவர் யாரையும் அடிக்கிறவர் இல்லை, குரலைக்கூட உயர்த்தமாட்டார். நிமிர்ந்து பார்த்தார். மை என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டு, வீட்டில் ஒரு காரியம், இருபத்துநாலாம் தேதி எனக்கு லீவு வேண்டும், கொடுக்காவிட்டாலும் போகவேண்டும் என்றேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “சனிக்கிழமையா? ஞாயிறு மாலை ஷிப்டுக்கு வந்துவிடு” என்றார். அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

இடத்துக்குத் திரும்பி வந்து பதிவேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு நிமிஷ வேலை மதி. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக அவன் கடைக்குத்தான் போவேன்.

தியாகு


காஜா பேராங்
4.9.1957

அண்ணாவுக்கு,

இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை நீ என்னைப் பார்க்காமலே சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாய். நீ வந்து போனதைக் கமலவேணி அக்காதான் சொன்னார். கடைக்குள் நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தீர்களாம். வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம் ஜெயபாலன். என்ன பேசினீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அதை அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவர் உள்ளே வந்தார். மாமரத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, என் வகுப்புக் கதவு வரைக்கும். தனலட்சுமியை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு நின்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்காருங்கள் என்றேன். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்.

“தியாகு வந்து சொன்னாரு டீச்சர்” என்றார். “ஒண்ணு சொல்லவா? எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மொத ரெண்டு மூணு வருசம் நா எங்கயும் நிக்கலன்னு நல்லா தெரியும். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, நின்னுருப்பேனோன்னு ஆயிருச்சு. முச்சந்தியில ஜப்பான்காரன் காவலுக்கு நின்னான், எறங்கிக் குனிஞ்சு கும்பிட்டேன். அங்க நேரமாயிருச்சா? பைப்புல தண்ணி குடிச்சேனா? அந்த ரோட்டுல போறப்பல்லாம் தேடுவேன். ஒன்றரை மணி நேரத்தை எங்க விட்டேன்னு.”

நான் அழுதேன். மறைக்கவில்லை.

“எம்மேல கோவம் இல்லையா?” என்று கேட்டேன்.

“ஏன் இல்ல? தியாகு மேல இருக்கு. கடைக்கு வந்த அன்னிக்கே அவரு கன்னத்துல ஒண்ணு வெக்கணும்னு இருந்துச்சு, அவரு அழுத அழுகையில கை வரல. ஒங்க மேலயும் இருக்கு. நா நிக்கலன்னு சொன்னா நம்பியிருக்கலாம்ல?”

“நம்பியிருக்கலாம்” என்றேன். உன் சட்டம் எனக்கும் உண்டு அண்ணா. குறிப்பு இல்லாத மணியை ஊகிக்கக் கூடாது, திருப்பிக் கேட்கவேண்டும். நீ எந்த மணியைச் சொன்னாய் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீ மறைத்தது பாதி, நான் ஊகித்தது பாதி. இதை உன் பாரத்தைக் குறைக்க எழுதவில்லை. என் பாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவேண்டும்.

போகும்போது அந்தச் சீட்டைக் கேட்டார். கோகிலாவிடம் காட்டவேண்டுமாம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே யாரோ அவளிடம், சாகப் போகிறவளுக்குச் சீட்டுக் கொண்டுபோகத் துப்பில்லாதவன் உன் புருஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் உன் பென்சில் எழுத்துக்குக் கீழே மையால் எழுதினேன்: “டோக்கியோ மணி. வீட்டு மணி 2.20. ஜெயபாலன் வழியில் எங்கும் நிற்கவில்லை. சந்திரமதி.” அதை இரண்டு முறை படித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

முப்பதாம் தேதி ராத்திரி நான் பண்டார் ஹிலிர் போகவில்லை. கமலவேணி அக்கா வீட்டு ரேடியோவில் கேட்டேன். பன்னிரண்டு அடித்தபோது, உனக்கும் அங்கே பன்னிரண்டுதான் என்று நினைத்தேன். நீ எத்தனை தந்திக்கு மணி போட்டுக்கொண்டிருந்தாயோ.

மன்னிப்பாயா என்று கேட்கப் பயம் என்று எழுதியிருந்தாய். இன்னும் இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் மாசியில் அம்மா திதிக்கு வா. சிங்கப்பூர் போனதிலிருந்து ஒவ்வொரு திதிக்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லி வராமலே இருந்துவிட்டாய், ஏன் என்று இப்போது தெரிகிறது. காலையில் ஐயர் வந்து எல்லாம் முடித்துப் போய்விடுவார். அதற்கு நீ தாமதித்தாலும் பரவாயில்லை. மத்தியானம் மூன்றரைக்கு முன்னால் வீட்டுக்குள் இரு. அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு ஒரு சேதி கொண்டுபோக முடியுமா என்று ஜெயபாலனைக் கேட்டிருந்தேன். வாசலில் வந்து நிற்கிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், பண்டார் ஹிலிர் தபால் நிலையத்துக்கு.

இப்போது வீட்டு மணி இரண்டு. உறையின் மேலே முத்திரையில் மணி இருக்கும், பார்.

மதி